தெரிந்ததை விற்பது எப்படி: கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு ஒரு யூடியூப், வாட்ஸ்அப் வழிகாட்டி

தகவலை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நம்ம பக்கத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "எல்லாம்தான் யூடியூப்ல சும்மாவே கிடக்குதே, இதுக்கு எவன் காசு குடுப்பான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மா சாகுபடி பற்றி வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தமிழிலேயே பக்கம் பக்கமாக இருக்கிறது. உழவன் செயலி 2018-லிருந்து இலவசம். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குப் போன் போட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள், அதுவும் இலவசம். இதையெல்லாம் தாண்டி ஒருவர் உங்களுக்கு 499 ரூபாய் ஏன் அனுப்ப வேண்டும்?

பொதுவான தகவலுக்கு அனுப்ப மாட்டார். தன் தோப்புக்கு, இந்த மாதத்தில், எதை முதலில் செய்து எதை அப்புறம் செய்வது என்று ஒருவர் அடுக்கிக் கொடுத்து, சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆளாக இருந்தால் அனுப்புவார். அதனால் யூடியூப், வாட்ஸ்அப், பேஸ்புக் என்று எதில் இறங்கினாலும் அங்கே நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றுதான்: "இந்த ஆளுக்கு நம்ம மண் தெரியும், நம்ம சீசன் தெரியும்." உலகத்துக்கே பேசுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பர்கூருக்கும் பாலக்கோட்டுக்கும் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். உங்கள் இடம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் சரக்கைச் சுருக்குங்கள்

விளம்பரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் விற்கும் பொருள் சரியாக இருக்க வேண்டும். "மா சாகுபடி முழுப் பயிற்சி" என்று போட்டால் கேட்பவருக்கு அது தனக்கா பக்கத்துத் தோட்டக்காரருக்கா என்று புரியாது. "பெங்களூரா ரக மாந்தோப்பு சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு, அறுவடை முடிந்ததிலிருந்து பிஞ்சு பிடிக்கும் வரை மாதாமாதம் வேலைப் பட்டியல்" என்று போட்டால் புரியும். சொந்தத் தோப்பு என்று ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், குத்தகைக்கு எடுப்பவரின் கவலை வேறு. பூவைப் பார்த்து எத்தனை டன் தேறும், கூழ் பேக்டரி இந்த வருடம் என்ன விலைக்கு எடுக்கும் என்பதுதான் அவர் கேள்வி. சொந்தக்காரருக்கோ அடுத்த வருடமும் மரம் காய்க்க வேண்டும். ஒரே மரம், ஒரே பழம், ஆனால் வாடிக்கையாளர்கள் இரண்டு விதம், இருவருக்கும் ஒரே கோர்ஸை விற்க முயன்றால் இருவருமே வாங்க மாட்டார்கள்.

விவசாயம் இல்லாத துறைக்கும் இதே கணக்குதான். டிஎன்பிஎஸ்சி வகுப்பு எடுக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர், சென்னை, மதுரைப் பெரிய அகாடமிகள் வேறு. அவர்களோடு மொத்தப் பாடத்திட்டத்திலும் மோத வேண்டியதில்லை. குரூப் 4-ல் 200 கேள்விகளில் 25 கேள்வி கணக்கும் திறனறிவும். அந்த 25 கேள்விக்கு மட்டும், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பையன்களுக்கு, மூன்று ஷிப்டுக்கும் ஏற்ற மாதிரி நேரம் வைத்து ஒரு வகுப்பு நடத்தினால் அதற்கு ஆள் இருக்கும். ஆரி எம்பிராய்டரி வேலை கற்றுத் தரும் அக்காவும் அப்படியே. "ஆரி அடிப்படை" என்பதைவிட "கல்யாண பிளவுஸுக்கு எவ்வளவு கூலி கேட்பது, எத்தனை நாளில் முடிப்பது" என்பதற்கு மவுசு அதிகம், ஏனென்றால் தையல் அவர்களுக்குத் தெரியும், விலை சொல்லத்தான் தயக்கம்.

எந்த வடிவத்தில் விற்பது என்று ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். என் அபிப்பிராயம், முதல் தடவை நேரலை வகுப்பாக, கொஞ்சம் பேருக்கு மட்டும் நடத்துங்கள். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் 60 நிமிடம், இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம், ஆரம்பத்துக்கு இதுவே தாராளம். அவர்கள் கேட்கும் கேள்விகளை வைத்துப் பிறகு வீடியோவாகவோ பிடிஎப் கையேடாகவோ ஆக்குங்கள். யாரும் கேட்காமலேயே மூன்று மாதம் உட்கார்ந்து கோர்ஸ் தயாரிக்கிறவர்கள் கடைசியில் அதைத் தாங்களேதான் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாள்காட்டியைப் பார்த்து வீடியோ போடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை. வெளியூர் மார்க்கெட்டிங் வகுப்புகளில் "வாரம் மூன்று பதிவு, தவறாமல்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தவறாமல் போடுவது நல்லதுதான். ஆனால் ஒரு விவசாயி போனை எடுத்துத் தேடுவது ஆர்வத்தில் இல்லை, அன்றைக்குக் காலையில் தோட்டத்தில் எதையோ பார்த்துப் பதறித்தான் தேடுகிறார். அந்தப் பதற்றம் வருடத்தில் எந்த மாதம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும், கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கும் டிஜிட்டல் ஏஜென்சிக்குத் தெரியாது.

மாவையே எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது. செப்டம்பர் முதல் பாதியில் பூ வரவைக்கும் பேக்லோபுட்ரசால் என்ற மருந்தை வேர்ப்பகுதியில் ஊற்றுவதா வேண்டாமா என்ற சண்டை எல்லாத் தோப்பிலும் நடக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பூ. அப்போது தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும். பிறகு பிஞ்சு உதிர்வு, காய் பெருத்ததும் பழ ஈ, ஏப்ரலில் தொடங்கி விலை. ஆக, தத்துப்பூச்சி வீடியோ டிசம்பர் முதல் வாரத்திலேயே ஏறியிருக்க வேண்டும். யூடியூப் அதை எடுத்துத் தேடுபவர் முன்னால் வைக்கக் கொஞ்ச நாள் ஆகும், பூ வந்த பிறகு எடுத்து எடிட் செய்து பிப்ரவரி கடைசியில் போட்டால் அடுத்த வருடத்துக்குத்தான் உதவும். அதற்காகப் போடாமல் விடவும் வேண்டாம். பூ இருக்கும்போதுதான் படம் பிடிக்க முடியும் என்பதால், இந்த வருடப் பூவில் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த டிசம்பரில் போடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

ஓசூர் பக்கம் பசுமைக்குடில் ரோஜாவுக்கு வேறு நாள்காட்டி. பிப்ரவரி 14-க்குப் பூ அனுப்ப வேண்டுமென்றால் கவாத்து டிசம்பரிலேயே நடந்தாக வேண்டும், அதனால் ரோஜாக்காரரிடம் கோர்ஸ் பற்றிப் பேசும் நேரம் நவம்பர். ஜனவரியில் பேசினால் அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. தக்காளிக்கு அப்படி ஒரே சீசன் கிடையாது. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் மண்டி விலை ஏறும்போது எல்லோரும் நாற்று நடுவது எப்படி என்று தேடுவார்கள், விலை விழும்போது ஒருத்தரும் எதையும் தேட மாட்டார்கள், அந்த நேரத்தில் கோர்ஸ் விளம்பரம் போட்டால் கமென்ட்டில் திட்டுதான் விழும். பட்டுக்கூடு வளர்ப்பவர்களுக்கு ஒரு பேட்ச் ஏறக்குறைய ஒரு மாதம். ஐந்தாம் பருவப் புழு தழை தின்னும் நாட்களில் அவர்களுக்குத் தூக்கமே இருக்காது, கூட்டை அங்காடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் போனைப் பார்ப்பார்கள்.

ஆகவே ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக "இந்த மாதம் இவர்கள் எதற்குப் பயப்படுவார்கள்" என்று எழுதுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் என்ன வீடியோ, எப்போது கட்டண வகுப்பு என்பது தானாக வந்துவிடும். வாரத்தில் எந்த நாள் என்பதையும் பாருங்கள். போச்சம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நேரலை வைத்தால் பாதிப் பேர் சந்தையில் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல், சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் சாயும் நேரம்தான் எனக்குத் தெரிந்து நல்ல நேரம்.

யூடியூப்: ஆட்களைக் கூட்டும் இடம்

என்ன தலைப்பில் எடுப்பது என்று தெரியவில்லையா? யூடியூப் தேடல் பெட்டியில் "மா பூ" என்று தட்டி நிறுத்துங்கள், கீழே வரிசையாக விழுவதெல்லாம் ஜனங்கள் தேடியவைதான். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி ஒரு தடவை, முழு ஆங்கிலத்தில் ஒரு தடவை என்று மூன்று விதமாகவும் பாருங்கள். மூன்றிலும் வேறு வேறு வரும். வீடியோவின் விவரத்தில் இந்த மூன்று விதச் சொற்களும் ஓரிரு வாக்கியங்களில் இயல்பாக இருக்கட்டும். இன்னொரு சுரங்கம், ஏற்கெனவே ஓடிய பெரிய சேனல்களின் கமென்ட் பகுதி. அங்கே "அண்ணா எங்க மரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் காய்க்குது, என்ன செய்றது" என்று கேட்டுப் பதிலே வராமல் கிடக்கும் கேள்விகளைப் பொறுக்கி எடுத்தால் ஒரு வருடத்துக்கு வேண்டிய தலைப்பு கிடைக்கும்.

வீடியோ எடுப்பதற்குப் பெரிய கேமரா வேண்டாம், ஆனால் மைக் வேண்டும். தோப்பில் காற்று அடிக்கும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லையென்றால் எவ்வளவு நல்ல விஷயமானாலும் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். சட்டைக் காலரில் குத்தும் சாதாரண மைக் போதும். "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு முதல் தடவை வந்திருந்தா" என்று தொடங்காதீர்கள். கையில் கருகிய பூங்கொத்தைப் பிடித்து, "பூ நல்லா வந்துச்சு, இப்ப பாருங்க, தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, இலையில கருப்பா படியுது, இது தத்துப்பூச்சி. மாவு தூவின மாதிரி வெள்ளையா இருந்தா அது சாம்பல் நோய், அதுக்கு வேற மருந்து" என்று நேராக இறங்குங்கள். தேடி வந்தவருக்கு இருபது நொடியில் தன் மரத்துக்கு என்ன வியாதி என்று தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் பத்து நிமிடம் பேசினாலும் கேட்பார்.

இதையெல்லாம் இலவசமாகச் சொல்லிவிட்டால் எதை விற்பது என்று பயம் வரும். வரத் தேவையில்லை. என்ன நோய், ஏன் வருகிறது என்பதை மறைக்காமல் முழுசாகக் கொடுங்கள். எப்போது, எந்த வரிசையில், உங்கள் தோப்பின் வயதுக்கும் இடைவெளிக்கும் எப்படி என்பதைக் காசுக்கு வையுங்கள். மருந்தின் பெயரும் அளவும் சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதை, அந்தப் பயிருக்குப் பரிந்துரைக்கப்பட்டதா என்று லேபிளைப் பார்த்து, பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களிலோ ஒரு தடவை கேட்டுக்கொண்டு பேசுங்கள். ஒரே ஒரு தோப்பில் பூ கொட்டிவிட்டால் உங்கள் பெயர் வட்டாரம் முழுக்கக் கெடும், அதுவும் வீடியோ ஆதாரத்தோடு.

ஷார்ட்ஸ் போடுங்கள், ஆனால் அதிலிருந்து நேராக விற்பனை வரும் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் விவரத்திலும் கமென்ட்டிலும் போடும் லிங்க் அழுத்தினால் திறப்பதில்லை. "தொடர்புடைய வீடியோ" என்ற இடத்தில் உங்கள் நீள வீடியோவை இணைத்து, அங்கே விவரத்திலும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி நீங்கள் குத்தி வைத்த (pin) கமென்ட்டிலும் வாட்ஸ்அப் லிங்க் வையுங்கள். ஷார்ட்ஸில் லட்சம் பேர் பார்த்தார்கள் என்று குதிப்பவர்களிடம் அதில் எத்தனை பேர் நம்ம மாவட்டம் என்று கேட்டால் பதில் இருக்காது.

யூடியூப் விளம்பரப் பணத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 1,000 சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்ற கணக்கெல்லாம் விளம்பரத்தை நம்பி இருப்பவர்களுக்கு. உங்களுக்கு 300 சந்தாதாரர் இருந்து அதில் 200 பேர் மாந்தோப்பு வைத்திருந்தால் வியாபாரம் நடக்கும்.

வாட்ஸ்அப்: வியாபாரம் நடக்கும் இடம்

யூடியூப்பில் பார்த்தவரை உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரவைப்பதுதான் மொத்த வேலையில் பாதி. ஈமெயில் பட்டியல் சேர்க்கச் சொல்லி வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும், ஓசூர் ஐடி ஆட்களுக்கு விற்றால் அது சரி. காவேரிப்பட்டணத்துத் தோப்புக்காரர் போனில் ஈமெயில் இருப்பதே பிளே ஸ்டோருக்காக.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தனி எண்ணில் போடுங்கள், சொந்த எண்ணில் வேண்டாம், ராத்திரி பதினோரு மணிக்கு மாமியார் போட்டோவும் பூச்சி போட்டோவும் கலந்து வரும். அந்தச் செயலியிலேயே குறுகிய லிங்க் எடுக்கும் வசதி இருக்கிறது, அதில் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்கலாம். இங்கே ஒரு சின்னத் தந்திரம். யூடியூப்புக்கு வைக்கும் லிங்க்கில் "பூ வீடியோ பார்த்தேன்" என்றும், பேஸ்புக்கில் வைப்பதில் "பேஸ்புக்கில் பார்த்தேன்" என்றும் வரும்படி லிங்க்கைத் தனித்தனியாகச் செய்துகொள்ளுங்கள். அதே போல கியூஆர் அட்டை அச்சடித்து உரக்கடையிலும் சந்தூர் நர்சரிகளிலும் ஒட்டக் கேட்டுப் பாருங்கள், அதற்கு "கடையில் பார்த்தேன்". ஒட்டுச்செடி வாங்க வருகிறவரைவிடச் சரியான வாடிக்கையாளர் உங்களுக்கு எங்கே கிடைப்பார்? கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி நடக்கும் நாட்களில் அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரி அதிகம் வருகிறதோ அங்கேதான் உங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், வேறு எந்தக் கணக்கும் ஆரம்பத்தில் தேவையில்லை.

வந்தவர்களை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சேனல், குரூப், பிராட்காஸ்ட் மூன்றும் ஒன்றல்ல. சேனலில் எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் சேரலாம், உங்கள் எண் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் எண்ணும் உங்களுக்கு வராது, ஆகவே அது நோட்டீஸ் பலகை மாதிரி. பிராட்காஸ்ட் பட்டியலில் ஒன்றுக்கு 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். இதை அறியாமல் "மெசேஜ் போட்டேன், ஒருத்தரும் பதில் போடலை" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. முதல் பதிலிலேயே, "இந்த எண்ணை மாந்தோப்பு என்று சேமித்து வையுங்கள், அப்போதுதான் மாத வேலைப் பட்டியல் வந்து சேரும்" என்று சொல்லி, சேமித்தவருக்கு ஒரு பக்கப் பட்டியலை உடனே அனுப்புங்கள். அவர் எண்ணையும் நீங்கள் பெயர், ஊர், எத்தனை மரம் என்று சேர்த்துச் சேமியுங்கள். இருவர் போனிலும் இருவர் எண்ணும் இருந்தால் உங்கள் ஸ்டேட்டஸும் அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மலிவான விளம்பரம் ஸ்டேட்டஸ்தான், காலையில் தோப்பில் எடுத்த ஒரு படம், அதற்கு இரண்டு வரி, போதும்.

குரூப் என்பது காசு கட்டியவர்களுக்கு. அதில் 1,024 பேர் வரை சேர்க்க முடியும் என்பதற்காகச் சேர்க்காதீர்கள், ஐம்பது பேரைத் தாண்டினாலே காலை வணக்கப் படங்களும் கட்சிச் செய்திகளும் வந்துவிடும். அட்மின் மட்டும் எழுதும்படி வைத்து, கேள்விக்கு ஒரு நேரம் திறந்துவிடலாம். ஆரி, தையல், சமையல் என்று பெண்களுக்கு நடத்துகிறவர்கள் சாதாரணக் குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. யாரோ ஒருத்தர் தனியாக "ஹாய்" போட்டுவிட்டால் நான்கு பேர் வெளியேறிவிடுவார்கள். வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் கம்யூனிட்டி என்ற வசதியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அதை வையுங்கள்.

எங்கிருந்தோ ஐயாயிரம் எண் வாங்கி மொத்தமாக அனுப்பும் மென்பொருள் விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். வேண்டவே வேண்டாம். நாலு பேர் ரிப்போர்ட் அடித்தால் எண் முடங்கும், அதோடு நீங்கள் சேர்த்த நல்ல தொடர்புகளும் போகும்.

இன்னொன்று, எழுத்தைவிடக் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். தமிழ் நன்றாகப் புரியும், பேசுவார்கள், ஆனால் நீளமாகத் தமிழில் படிப்பது எல்லோருக்கும் சுலபமில்லை. இரண்டு நிமிட வாய்ஸ் நோட் அவர்களிடம் நாலு பக்கப் பிடிஎப்பைவிட நன்றாக வேலை செய்யும். உங்களுக்குத் தெலுங்கோ கன்னடமோ வந்தால் அதிலும் ஒன்று பேசி அனுப்புங்கள், வெளியூர்ப் போட்டியாளர் எவராலும் அதைச் செய்ய முடியாது.

காசு கொடுத்து விளம்பரம்

இலவசமாகப் போட்ட வீடியோவில் ஒன்றாவது தானாக ஓடி, வாட்ஸ்அப்புக்கு ஆட்கள் வந்த பிறகுதான் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம். ஓடாத வீடியோவுக்குக் காசு கொட்டினால் ஓடாது. பதிவின் கீழே நீலமாகத் தெரியும் "பூஸ்ட்" பொத்தானை அழுத்துவதைவிட ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், வாட்ஸ்அப்பில் உரையாடல் தொடங்கும் விளம்பரமாகப் போடுவது மேல்.

இடம் குறிக்கும்போதுதான் நம்ம எல்லையோர மாவட்டத்துக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. ஓசூரில் ஊசி குத்தி 40 கிலோமீட்டர் வட்டம் போட்டீர்களானால் அது பெங்களூருக்குள் போய்விடும், அங்கே இருக்கும் கூட்டத்துக்கு முன்னால் ஓசூர் எம்மாத்திரம், உங்கள் காசில் பெரும்பகுதி எலெக்ட்ரானிக் சிட்டியில் கரையும். கிருஷ்ணகிரியில் குத்தினாலும் குப்பம் பக்கம் ஆந்திரா கொஞ்சம் உள்ளே வரும். ஒரு பெரிய வட்டத்துக்குப் பதில் பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை என்று சின்னச் சின்ன வட்டங்களாகப் போடுங்கள், பெங்களூரை விலக்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மாடித்தோட்டம் பற்றி விற்பவருக்கு இதற்கு நேர் எதிர், அவர் பெங்களூர்த் தமிழர்களைத்தான் பிடிக்க வேண்டும்.

கணக்கு இப்படிப் பாருங்கள். உதாரணத்துக்கு 1,000 ரூபாய் செலவு செய்து 25 பேர் வாட்ஸ்அப்பில் வந்தார்கள், அதில் இரண்டு பேர் 499 கட்டினார்கள் என்றால் 998 ரூபாய், கைக்காசு 2 ரூபாய் நஷ்டம், விளம்பரத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் இன்னும் அதிகம். ஆனால் மீதி 23 பேரின் பெயரும் ஊரும் மரக் கணக்கும் உங்களிடம் இருக்கிறது, அடுத்த சீசனில் அவர்களில் யார் வாங்குகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் விளம்பரம் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும். மற்றவர்கள் என்ன விளம்பரம் ஓட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆட் லைப்ரரி எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, போய்ப் பாருங்கள்.

நம்பிக்கை

ஈமு கோழி வளர்ப்பு மோசடி காலத்தில் மேற்கு மாவட்டங்களில் பணத்தைப் போட்டவர்கள் பட்டது ஜனங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் "மாதம் ஒரு லட்சம் உறுதி" என்ற வாசகத்தைப் பார்த்தாலே நம்ம ஊர்ப் பெரியவர்கள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள், வைப்பதும் சரிதான். மகசூல் இவ்வளவு கூடும், வருமானம் இரட்டிப்பாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மழையும் மண்டியும் உங்கள் கையில் இல்லை. "கடைசி 3 சீட், இன்னும் 10 நிமிடம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது 2023 நவம்பரில் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட தந்திரங்களில் ஒன்று. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. பங்குச்சந்தை டிப்ஸ் விற்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் பதிவு இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாடிக்கையாளர் சொல்லும் நல்ல வார்த்தையை எழுத்தாக மாற்றி அழகுபடுத்தாதீர்கள். அவர் பேச்சிலேயே, "போன வருசம் பூவெல்லாம் கொட்டிப் போச்சு சார், இந்த வருசம் பரவால்ல" என்று அனுப்பிய வாய்ஸ் நோட்டை, அனுமதி கேட்டு, அப்படியே போடுங்கள். "பரவால்ல" என்று ஒரு விவசாயி சொன்னால் அதன் மதிப்பு கேட்கிற இன்னொரு விவசாயிக்குத் தெரியும். அவர் முகத்தைவிட, அவர் மரம் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டும் படங்கள் நல்லது.

பணமும் அதற்குப் பிறகும்

யுபிஐ-யில் வாங்குவதே எளிது. வெளியூர் ஆட்கள் அதிகமானால் ரேஸர்பே மாதிரி ஒன்றில் பேமென்ட் லிங்க் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு பணத்திலும் கொஞ்சம் கமிஷன் போகும். வருட வரவு 20 லட்சத்தைத் தொடும் அறிகுறி தெரிந்தால் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரைப் பாருங்கள், அதுவரை எல்லா வரவையும் ஒரு நோட்டில் எழுதி வந்தாலே போதும்.

விலை பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதலில் 99 ரூபாய்க்கு ஒரு மணி நேர வகுப்பு ஒன்று வையுங்கள், லாபத்துக்கு இல்லை, காசு கட்டுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள. அந்த 99-ஐக் கட்டியவரிடம் 1,500 ரூபாய்க்குச் சீசன் முழுக்கக் கூட வரும் சேவையைப் பேசலாம், இலவச வகுப்புக்கு வந்த நூறு பேரிடம் பேசுவதைவிட அது பலன் தரும்.

பிடிஎப் விற்றால் அது உரக்கடைக் குரூப்பில் இலவசமாகச் சுற்றும், தடுக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கியவர் பெயரை அடித்துக் கொடுத்தால் கொஞ்சம் கூச்சப்படுவார்கள், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் உங்கள் வாட்ஸ்அப் கியூஆரைப் போட்டுவிடுங்கள், திருட்டுப் பிரதி படிக்கிறவரும் ஒரு நாள் கேள்வி கேட்க வருவார். தேதி உள்ள விஷயத்தை, அதாவது இந்த மாதப் பட்டியல், இந்த வாரப் படம் பார்த்துச் சொல்லும் பதில் ஆகியவற்றை மட்டும் காசுக்கு வைத்தால் திருடினாலும் அடுத்த மாதம் அது பயன்படாது.

ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால், முதல் வாரத்துக்குள் கேட்டால் காரணம் கேட்காமல் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டுச் சீசன் முடிந்து கேட்பவருக்கு இல்லை என்று சொல்லலாம், ஆனால் அந்த விதியை வாங்கும் முன்பே தமிழில், ஒரு வரியில், பேமென்ட் லிங்க்குக்கு மேலே எழுதி வைத்திருக்க வேண்டும். திருப்பி வாங்கியவரை எல்லாக் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டு, பிராட்காஸ்ட் பட்டியலில் மட்டும் அவரிடமே கேட்டு விட்டு வையுங்கள், அடுத்த கவாத்துக் காலத்தில் அவரே வருவதும் உண்டு.